கத்தியால் விறகு பிளந்த வழக்கு

கதவிடுக்கில் வைத்துப் பாக்கு உடைக்காதவர்கள், ஸ்க்ரூ டிரைவர் கிடைக்காத அவசரத்தில் தோசைத் திருப்பியால் திருகாணியை முடுக்காதவர்கள் யாரேனும் இருந்தால், அவர்கள் இக்கட்டுரையைப் படிக்க வேண்டியதில்லை. எந்தப் பொருளும் எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு மட்டுமே பயன்படும் வீடு ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. ஆயினும் உபயோகம் எந்த இடத்தில் முடிந்து துஷ்பிரயோகம் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற கேள்வி எங்கள் குடும்பத்தில் அரை நூற்றாண்டாக நிலுவையில் இருக்கிறது. வழக்கின் முதல் எதிரி நான். இரண்டாம் எதிரி கிடையாது.

எழுபதுகளின் நடுப்பகுதியில் நான் செங்கல்பட்டில் இயற்பியல் விரிவுரையாளனாக இருந்தேன். அஞ்சலை அதே ஊரில் ஒரு மருத்துவமனையில் செவிலி. நான் உழவர் வீட்டுப் பிள்ளை; அவள் கடப்பாக்கத்துக் கடற்கரைப் பெண். பதிவாளர் அலுவலகத்தில் மணம் செய்துகொண்டோம். என் வீட்டார் சில மாதங்கள் கூச்சலிட்டு, தொண்டை வறண்டு, ஓய்ந்தார்கள். அவள் தந்தை கூச்சலே போடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். நாங்கள் போகும்போதெல்லாம், "அவங்கள சாப்ட சொல்லு" என்று தம் மனைவியிடம் கூரையைப் பார்த்துச் சொல்வார். 'அவங்க' என்பது பெற்ற மகள்.

மணமாகி ஓராண்டு கழித்து வந்த மாசி மகத்துக்கு மாமியார் ஆளனுப்பி அழைத்தார். பேருந்தில் அஞ்சலை சன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னாள்: "இன்னிக்கும் நைனா என்னாண்ட பேசலன்னா, இனிமே நான் இங்க வரமாட்டேன்."

அதில் கோபம் இல்லை. ஊசி போடும்முன் நோயாளியிடம் சொல்கிற அதே நிதானம். அதனால்தான் எனக்குப் பயமாக இருந்தது. அன்று எப்படியாவது அந்த வீட்டில் நல்ல பெயர் எடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். (படித்தவன் நல்ல பெயர் எடுக்கக் கிளம்பினால் ஊர் சற்று விலகி நிற்பது நலம்.)

வாசல் மணலில் மாமனார் வலை பின்னிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் வலையோடு சேர்ந்து கடல் பக்கம் திரும்பிக்கொண்டார். உள்ளே மாமியார் ஒரு பெரிய வஞ்சிரத்தை வைத்துக்கொண்டு தவித்தார். மீன் இருந்தது, பிளந்த விறகு இல்லை. சவுக்குக் கட்டைகள் முழுசாகக் கிடந்தன; பக்கத்தில் கோடாலி காம்பு முறிந்து கிடந்தது. மைத்துனன் ஏழுமலை பக்கத்து வீட்டில் இரவல் கேட்கக் கிளம்பினான்.

"இருப்பா, நான் பாத்துக்கறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டினேன். கூரையின் இறவாரத்தில் ஒரு கனமான கத்தி செருகியிருந்தது. உருவினேன்.

ஏழுமலை பதறினான். "மாமா, அது நைனா கத்தி. மீன் அரியறது. அத யாரும் தொடமாட்டாங்க."

"கத்தின்னா என்ன ஏழுமலை? கூரான ஆப்பு. அவ்வளவுதான். விசை எல்லாம் விளிம்புல குவியும்."

"அப்ப ஆப்ப வச்சி மீன் அரிவியா?"

(இக்கேள்விக்கு இயற்பியலில் இன்றுவரை விடை இல்லை.)

கட்டையை நிறுத்தி, அதன் தலையில் கத்தியை வைத்து, கத்தியின் முதுகில் இன்னொரு கட்டையால் அடித்தேன். முதல் கட்டை வெள்ளரிக்காய் போல இரண்டானது. அடுத்ததும் அப்படியே. மாமியார் வாசலுக்கே வந்துவிட்டார். "பாரேன், வாத்தியாருக்கு வேல கூட தெரியுது" என்றார். அதற்குப் பிறகு என்னைத் தடுத்து நிறுத்த எந்தச் சக்தியாலும் முடிந்திராது. ஒவ்வோர் அடிக்கும் மாமனாரின் முதுகு லேசாக விறைத்ததைக் கவனித்தேன். பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அஞ்சலை எட்டிப் பார்த்தாள். "போதும், வச்சிடுங்க. அடுப்புக்கு இது போதும்."

"இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்றேன்.

அந்த ஒன்றில் கணு இருந்தது. கத்தி பாதி இறங்கி நின்றுவிட்டது. பலமாக அடித்தேன். நகரவில்லை. மாணவர்களிடம் நான் ஒருபோதும் பரிந்துரைத்திராத பலத்துடன் மறுபடியும் அடித்தேன். சன்னமாக ஒரு சத்தம் கேட்டது. பிடி என் கையில் இருந்தது. கத்தி கட்டைக்குள் இருந்தது.

மாமனார் எழுந்தார். மடியிலிருந்து வலை சரிந்தது. அவர் மணலில் நடந்து வந்த நேரத்தில், செங்கல்பட்டுக்கு அடுத்த பேருந்து எப்போது என்பதைத் தவிர வேறெதுவும் எனக்குத் தோன்றவில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

"ஏம்மா அஞ்சல, இவனுக்கு இன்னா புத்தி கெட்டுப்போச்சா? மீன் அரியற கத்தில எவனாவது வெறகு பொளப்பானா?"

ஓராண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அவர் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. நான் அதைக் கவனிக்கவில்லை, மனத்தளவில் பேருந்தில் இருந்தேன். அஞ்சலை கவனித்தாள். அழுவாள் என்று யாரும் எதிர்பார்த்திருக்கலாம். அவள் இடுப்பில் கை வைத்தாள்.

"பொளந்தா இன்னா? நல்லாத்தான பொளந்துகினு இருந்துச்சி."

"ஒடஞ்சிடுச்சே."

"கோடாலி கூடத்தான் ஒடஞ்சி கெடக்குது. அத வச்சி இன்னா மீனா அரிஞ்ச?"

மாமனார் கோடாலியைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடைவெளியில் ஏழுமலை புகுந்தான். "அன்னிக்கி அதே கத்தில மண்ணெண்ண டின்ன தொறந்தியே நைனா, அது இன்னா?"

"அது வேற."

"எப்டி வேற?"

"என் கத்தி, நான் தொறப்பன்."

"உன் கத்தி, உன் மருமவன் ஒடச்சான்" என்றார் மாமியார். "போயி அருவாமணைய யார்னா கேட்டு வாங்கிகினு வாங்க. மீன் கெட்டுடும்."

இரவல் அரிவாள்மணையில் வஞ்சிரம் கோணல்மாணலாகத் துண்டானது. விசாரணை சாப்பாட்டின்போதும் நடந்தது. முள்ளைத் துப்பும் நேரம் தவிர மாமனார் பேச்சை நிறுத்தவில்லை. கடைசியில் முதன்முறையாக என் பக்கம் திரும்பினார். "அந்தத் தலைய வாத்தியாருக்கு வையி. இன்னா அடி அடிச்சான்."

வீடு திரும்பியதும் அஞ்சலை கட்சி மாறினாள். "நைனா சொன்னதுதான் நாயம். மீன் அரியற கத்திய அந்தப் பாடு படுத்தலாமா?"

"அங்க வேற மாதிரி பேசினியே?"

"நான் உடனே ஒத்துகினு இருந்தா, அவரு மறுபடியும் வலையத் தூக்கிகினு திரும்பி குந்தியிருப்பாரு."

அதன்பின் ஒவ்வொரு முறை கடப்பாக்கம் போகும்போதும் அவளே வழக்கை எடுத்துப் போடுவாள். அங்கே எனக்காகவும், எங்கள் வீட்டில் அவருக்காகவும் வாதாடுவாள். மாமனார் மறைந்த பிறகும் அவர் தரப்பு தோற்றதாக அவள் ஒப்புக்கொண்டதில்லை. நான் ஆப்பிள் நறுக்கக் கத்தி எடுத்தால், எங்கள் பேரப்பிள்ளைகள் மர நாற்காலிகளை நகர்த்தி வைக்கிறார்கள்.

இந்தத் தை மாதம் அஞ்சலை காலமானாள். காரியம் முடிந்த பிற்பகலில் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். என் இலையில் சோறு அப்படியே இருந்தது. ஏழுமலைக்கு இப்போது தலை முழுக்க நரை. அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்:

"இன்னா மாமா, மீன் அரியற கத்தில வெறகு பொளக்கறது நாயமா?"

வழக்கம்போல் எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். யாருடைய பதிலுக்கு என்பது சற்றுக் கழித்தே உறைத்தது. சிலர் அஞ்சலை வழக்கமாக உட்காரும் இடத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"தப்புதான்" என்றேன்.

ஏழுமலை தலையாட்டினான். நான் ஒப்புக்கொண்டதும் வழக்கு முடிந்துவிட்டது. கூடம் மறுபடியும் அடங்கிப்போயிற்று. அதை என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல" என்றேன். "தப்பில்ல."

அவன் தன் இலையை என் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டான்.

"அது எப்டி தப்பில்ல? சொல்லு மாமா."