ஒரே போன் பேச்சில் போட்ட பாதை

அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் கூட்டத்துக்கு யாரும் பசியோடு போகக் கூடாது. பசியோடு போனால் முதலில் அங்கே வைத்திருக்கும், உருளைக்கிழங்கு அடைத்த கறிபாப்புக்காக வாய் திறக்கும். அப்புறம் அந்த வாய் மூடாது. கூட்டம் முடிந்து வெளியே வரும்போது நம் தலையில் ஒரு பதவி உட்கார்ந்திருக்கும். எனக்கு அப்படித்தான் ஆயிற்று.

ஜார்ஜ் டவுனை ஒட்டிய ஜெலுத்தோங் பக்கம் இப்போது இருக்கும் இந்த அடுக்குமாடிக்கு நாங்கள் குடிவந்த புதிது. வேலை முடிந்து நேரே கூட்டத்துக்குப் போயிருந்தேன். இரண்டு புளோக்குகளுக்கும் நடுவே இருக்கும் புல்வெளியைப் பற்றிப் பேச்சு வந்தது. அதை யாரும் பயன்படுத்துவதில்லை, தார் போட்டுக் கார் நிறுத்துமிடம் ஆக்கிவிடலாம் என்றார் குழுத் தலைவர் மிஸ்டர் ஊய். (அவர் வீட்டில் அப்போது மூன்று கார்கள். நிறுத்த ஒரே ஓர் இடம். மனிதரின் வேதனை எனக்கு இப்போது புரிகிறது.)

அன்று புரியவில்லை. வாயில் உருளைக்கிழங்கோடு எழுந்து நின்றேன். "இடுப்பு உயரத்துக்குப் புல்லு வளர்ந்து கெடந்தா யாரு சார் வருவாங்க? ஒழுங்கா பார்த்துக்கிட்டா எல்லாரும் வருவாங்க!" என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து ஒரு முழக்கம் போட்டேன்.

மிஸ்டர் ஊய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ரொம்ப நல்லது. அப்ப நீங்களே பார்த்துக்குங்க லா, மிசஸ் சேகர். அடுத்த பொதுக் கூட்டத்துல ஓட்டெடுப்பு வச்சு முடிவு பண்ணிடலாம்" என்றார்.

கூடமே கைதட்டியது. என் பேச்சுக்குக் கிடைத்த கைதட்டல் என்று நினைத்தேன். அந்த வேலை தங்கள் தலையில் விழவில்லை என்ற நிம்மதியில் தட்டிய கைகள் அவை.

கருவிகள் வைக்கும் ஸ்டோர் ரூமின் சாவியை என் கையில் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வாட்ஸ்அப்பில் என் பெயருக்குக் கீழே 'பசுமைப் பொறுப்பாளர்' என்று போட்டுக்கொண்டேன். என் கணவர் சேகர் அதைப் படித்துவிட்டு, பால்கனியில் காய்ந்து தொங்கிய மணிபிளான்டை ஒரு தரம் பார்த்தார், என்னை ஒரு தரம் பார்த்தார்.

"புவனா, ஒண்ணும் சொல்லல. ஏதாச்சும் சந்தேகம் வந்தா என்னைக் கேளு."

கேட்டிருக்கலாம். நிபோங் தெபால் பக்கத்தில் பைராம் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த மனிதர். மாக் மண்டினில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தாலும் மண், புல், மருந்து எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் பதவி எனக்கு, அறிவுரை அவரிடமா? அசந்து போகும்படி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும் என்று மனசுக்குள் உறுதி எடுத்துக்கொண்டேன். (அசந்துதான் போனார்.)

முதலில் ஆள் பிடித்துப் புல்லை வெட்டினோம். வெட்டிய பிறகு புல்வெளி, அவசரத்தில் முடி வெட்டிக்கொண்ட பையனின் தலை மாதிரி இருந்தது. அங்கங்கே வெளிறியும் கிடந்தது. ஓட்டெடுப்புக்குள் இதைப் பச்சைக் கம்பளமாக மாற்றினால்தான் ஜெயிக்க முடியும். உரம் போட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை, சேகர் ஓவர்டைம் போயிருந்த நேரமாகப் பார்த்து ஸ்டோர் ரூமைத் திறந்தேன். பழைய கான்ட்ராக்டர் விட்டுப்போன, முதுகில் மாட்டும் மருந்துப் பம்பு ஒன்று மூலையில் கிடந்தது. பக்கத்தில் ஒரு நீலக் கேன். அதன் லேபிளின் மேல் பாதியை யாரோ பிளாஸ்டர் ஒட்டி மறைத்திருந்தார்கள். கீழ்ப் பாதியில் பெரிய எழுத்தில் மலாயில் 'ரும்புட்' என்று இருந்தது. ரும்புட் என்றால் புல். என்னிடமும் புல்தான் இருந்தது. இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

மழைக்கோட்டைப் போட்டேன். கறுப்புக் கண்ணாடி மாட்டினேன். கேனில் இருந்ததைத் தண்ணீரில் கலந்து பம்பில் ஊற்றி முதுகில் தூக்கினேன். வரிசை வரிசையாக, கோடு பிசகாமல், மூலையிலிருந்து மூலைக்கு அடிப்பதுதான் திட்டம். ஆரம்பித்துப் பத்தடி போயிருக்க மாட்டேன், காதில் மாட்டியிருந்த போன் அலறியது. சுங்கை பாக்காப்பிலிருந்து என் அக்கா.

"புவனா, ஒக்காந்திருக்கியா, நின்னுகிட்டு இருக்கியா?"

"நடந்துகிட்டு இருக்கேன்கா. சொல்லு."

"என் நாத்தனார் பொண்ணு நிச்சயதார்த்தம் நின்னு போச்சு!"

என் கால்கள் தாமாக இடது பக்கம் திரும்பின. கை பாட்டுக்குப் பம்பை அடித்துக்கொண்டிருந்தது.

"ஏன்கா? புடவையெல்லாம் எடுத்தாச்சே!"

"மாப்பிள்ளைக்கு ஈப்போவுல ஏற்கெனவே ஒரு நிச்சயம் ஆயிருக்குடி!"

"ஐயையோ! யாரு கண்டுபிடிச்சா?"

"அந்த ஈப்போப் பொண்ணே போன் பண்ணிடுச்சு. நிச்சயத்தட்டு வைக்கிற நேரத்துல!"

புல்வெளியின் நடுவில் ஒரு பெரிய அங்சானா மரம் இருக்கிறது. ஈப்போப் பெண் போன் செய்த கட்டத்தில் நான் அதைச் சுற்றிச் சுற்றி வந்தேன். மாப்பிள்ளை மயக்கம் போட்டு விழுந்த கட்டத்தில் சிமென்ட் பெஞ்சுப் பக்கம் போய்விட்டுத் திரும்பினேன். பெண்ணின் அப்பா மாப்பிள்ளையின் காரை மறித்துப் படுத்த கட்டத்தில் பி புளோக்கின் வாசல் வரை வளைந்து வளைந்து போனேன். அக்கா மூச்சு வாங்கிப் பேச்சை முடித்தபோது பம்பும் காலியாகியிருந்தது. மனசு நிறைந்திருந்தது.

'இன்று நம் புல்வெளிக்கு விசேஷ உரம். சில நாட்களில் வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்' என்று குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பசுமைப் பொறுப்பாளர் என்று கீழே கையெழுத்தும் வைத்தேன்.

வித்தியாசத்தை எல்லாரும் பார்த்தார்கள்.

அடுத்த வாரம் ஒரு நாள் சேகர் பால்கனியில் நின்று காபி குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இருப்பது பன்னிரண்டாம் மாடி. "புவனா, இங்க கொஞ்சம் வா" என்ற குரலில் ஏதோ ஒரு மாதிரியான அமைதி இருந்தது.

கீழே பார்த்தேன். பச்சைப் புல்வெளியின் நடுவே, வைக்கோல் நிறத்தில், அகலமாக ஒரு கோடு. ஏ புளோக்கில் கிளம்பி, இடது பக்கம் வளைந்து, மரத்தைச் சுற்றி, பெஞ்சுக்குப் போய்த் திரும்பி, பாம்பு மாதிரி நெளிந்து பி புளோக்கில் போய் முடிந்தது.

"என்ன அடிச்சே?"

"உரம்."

"எந்த உரம்?"

ஸ்டோர் ரூமுக்குப் போனோம். சேகர் கேன் மீதிருந்த பிளாஸ்டரை நகத்தால் உரித்தார். அதன் கீழிருந்து 'ராச்சுன்' என்ற சொல் வெளியே வந்தது. ராச்சுன் ரும்புட். புல்லுக்கு விஷம்.

அவர் முகம் மாறிவிட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மேல பட்டுச்சா? கண்ணுல? மூச்சு முட்டுச்சா? அன்னிக்குத் தலை சுத்துச்சா?" என்று படபடத்தார். மழைக்கோட்டையும் கறுப்புக் கண்ணாடியையும் பற்றிச் சொன்னேன். ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்ததும் அங்கே கவிழ்த்திருந்த ஒரு வாளியின் மேல் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"எங்கம்மா எஸ்டேட்டுல இதே மாதிரி பம்பைத் தூக்கித்தான் எங்களைப் படிக்க வச்சாங்க. அவங்ககூட இவ்வளவு சுத்தமா ஒரு புல்லு விடாம அடிச்சதில்ல."

மறுபடி மாடிக்கு வந்து, பால்கனியிலிருந்து மரத்தைச் சுற்றியிருந்த வட்டத்தைக் காட்டினார். "ஈப்போப் பொண்ணு போன் பண்ணது இங்கதானே?"

புல்வெளியில் நடந்தபடி கேட்ட அக்காவின் கதையை நான் அந்தச் சனிக்கிழமை ராத்திரியே அவரிடம் ஒன்று விடாமல் சொல்லியிருந்தேன். அது தப்பாகப் போயிற்று.

அந்த நாட்களை எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், 'விசேஷ உரம் நன்றாக வேலை செய்கிறது' என்று போட்டார். அதற்குக் கைதட்டும் படங்கள் வந்து விழுந்தன. மேல்மாடிக்காரர்கள் சிலர் அந்தக் கோட்டை எட்டா, மூன்றா என்று வாதாடி, நாலு நம்பர் லாட்டரிக் கடையில் பணம் கட்டினார்களாம். நம்பர் அடிக்கவில்லை. அதற்கும் என்னைத்தான் முறைத்தார்கள். நான் பால்கனித் திரையை இழுத்து மூடினேன். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் புல்வெளிப் பக்கம் தலை காட்டாமல், குப்பைத் தொட்டிகள் இருக்கும் பின் வழியாகவே நடந்தேன். அந்த வாசனை என் நிலைமைக்குப் பொருத்தமாக இருந்தது.

பொதுக் கூட்டம் வந்தது. வழக்கமாகப் பாதி நாற்காலிகூட நிரம்பாத கூடத்தில் அன்று நிற்க இடமில்லை. குற்றவாளியைப் பார்க்க வந்த கூட்டம். பதவியை விட்டு விலகுவதாக நாலு வாக்கியம் மனப்பாடம் செய்துகொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன். (அன்று வீட்டில் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனேன்.)

மிஸ்டர் ஊய் தயாராக வந்திருந்தார். விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டு, சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். அன்று காலையில் தன் பதினைந்தாம் மாடி வீட்டிலிருந்து அவரே எடுத்ததாம். முழுப் புல்வெளியும் தெரிந்தது. நடுவே என் கைவரிசை. கூடம் சிரித்து ஓய்வதற்குள் எனக்கு வியர்த்து விட்டது.

"பார்த்துக்கிட்டா எப்படி இருக்கும்னு மிசஸ் சேகர் காட்டிட்டாங்க," என்றார் அவர். "இனியும் எதுக்கு லா இந்தப் புல்லு? பார்க்கிங் போடலாம்."

நான் எழுந்தேன். மனப்பாடம் செய்த முதல் வாக்கியத்துக்காக வாயைத் திறந்தேன். சுவரைப் பார்க்காமல் பேசத்தான் நினைத்தேன்; ஆனால் கண் போய்விட்டது. கோட்டின் மேல் சின்னச் சின்னதாக என்னவோ புள்ளிகள்.

"மிஸ்டர் ஊய், அந்தப் படத்தைக் கொஞ்சம் பெரிசு பண்ண முடியுமா?"

என்னை இன்னும் அவமானப்படுத்த நானே வழி சொல்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சந்தோஷமாகப் பெரிசு பண்ணினார்.

புள்ளிகளெல்லாம் மனிதர்கள். பட்டுப்போன என் கோட்டின் மேல் வரிசையாக நடந்துகொண்டிருந்தார்கள். ஓர் இளம் அப்பா குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். மரத்தடி வட்டத்தில் இரண்டு பேர் கையை வீசிச் சுற்றினார்கள். சிவப்பு முக்காட்டோடு ஒரு மலாய் அம்மா.

"இவங்கல்லாம் யாரு?" என்று கேட்டேன். உண்மையாகவே எனக்குத் தெரியாது. நான்தான் திரையை மூடிக்கொண்டு கிடந்தேனே.

ஆறாம் மாடி மக்சிக் ரோஸ் எழுந்து நின்றார். (மக்சிக் என்றால் அத்தை முறை.) அதே சிவப்பு முக்காடு. "சாயா ஹரி-ஹரி ஜாலான் சினி!" என்றார். தினமும் இங்கேதான் நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு, மலாயில் பொரிந்து தள்ளினார். முழங்கால் வலிக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். ரோட்டோரம் நடந்தால் கார்கள் பின்னால் வந்து இடிக்கப் பார்க்கின்றன. புல்லில் நடக்கலாமென்றால் காலெல்லாம் பனி ஈரம், பாம்புப் பயம் வேறு. இந்தக் கோடு விழுந்த பிறகுதான் கால் வைக்கும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. இப்போது மாடிப்படிகூட ஏறுகிறாராம்.

தள்ளுவண்டி அப்பாவும் கை தூக்கினார். "எங்க புள்ள இந்த வளைவுல தள்ளிக்கிட்டுப் போனாதான் தூங்குது."

எனக்கு உடம்பு பூராவும் ஒரு தெம்பு ஏறியது. சுவரருகே போய், படத்தில் கடைசியாக இருந்த உருவத்தைத் தொட்டேன். பூப்போட்ட குடை பிடித்து, காலில் வெள்ளைச் சப்பாத்து போட்டு, எல்லாரையும்விட வேகமாக நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி.

"இவங்க யாருன்னு யாருக்காவது தெரியுமா?"

மிஸ்டர் ஊய் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே வந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என் வைஃப்" என்றார் மெதுவாக.

பின் வரிசையிலிருந்து மிசஸ் ஊய் எழுந்தார். "தினமும் நடக்கிறேன். உனக்கு எப்படித் தெரியும்? இன்னிக்குத்தான் படம் எடுக்கன்னு சீக்கிரம் எழுந்தே, மத்த நாளெல்லாம் நான் திரும்பி வர்ற வரைக்கும் நீ குறட்டை விட்டுக்கிட்டு இருக்கே. நான் நடக்கிற எடத்துலதான் ஒன் மூணாவது கார் நிக்கணுமா லா?"

கூடத்தின் கூரை பறந்துவிடும் போல ஒரு சிரிப்பு. இந்த முறை என்னைப் பார்த்து அல்ல.

ஓட்டெடுப்பில் மிஸ்டர் ஊய்யும் எங்கள் பக்கமே கை தூக்கினார். வீட்டுக்குப் போய் அதே மனைவியோடு வாழ வேண்டிய மனிதர். வேறு என்ன செய்வார்? நான் விலகல் கடிதம் எதுவும் கொடுக்கவில்லை. அடுத்த கறிபாப்பை நானே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அந்தக் கோட்டின் மேல் செங்கல் பதித்தோம். வேலைக்கு வந்த கான்ட்ராக்டர், 'இதை நேராக்கிக் கொடுக்கவா?' என்று கேட்டார். மிசஸ் ஊய் விடவில்லை. வளைந்து போனால்தான் நடை அதிகம் என்று சொல்லி, அவர் வேலை முடியும் வரை குடையோடு பக்கத்திலேயே நின்றார். மாப்பிள்ளை மயங்கி விழுந்த வளைவு, மாமனார் காரை மறித்த நெளிவு எல்லாம் இன்றைக்கும் அப்படியே இருக்கின்றன. விஷம் எதுவும் இல்லாமல் கையால் களை பிடுங்கி, மிச்சப் புல்லைப் பச்சைப் பசேலென்று வளர்த்தும் காட்டினேன். அங்சானா பூ உதிரும் காலத்தில் பாதை முழுக்க மஞ்சளாகிவிடும். சாயங்காலங்களில் அங்கே உட்கார இடம் பிடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணம், காதுகுத்து விடாமல் சேகர் இந்தக் கதையைச் சொல்கிறார். "என் பெண்டாட்டி ரோடு போட்ட ஆளு. டெண்டர் கெடையாது, இன்ஜினியர் கெடையாது. ஒரே ஒரு போன் கால்!" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள். எல்லாரையும்விடச் சத்தமாக என் அக்கா சிரிப்பார்; பாதிப் பாதை தன்னுடையது என்று அவருக்கு நினைப்பு.

போன மாதம் சாப்பாடு கொண்டுவரும் பையன் ஒருவன் வாசலில் மோட்டார்சைக்கிளை நிறுத்தி, கைபேசியைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டான்: "அக்கா, ஜாலான் புவனா எங்க இருக்கு? அங்க வந்து நிக்கச் சொல்றாங்க."

ஜாலான் என்றால் தெரு. ஜார்ஜ் டவுனில் தெருவுக்குத் தெரு ஒரு வெள்ளைக்காரத் துரையின் பெயர் இருக்கிறது. அவர்களெல்லாம் என்ன சாதித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் தலையை நிமிர்த்தி, வலது கையை நீட்டி, "இதோ, இதுதான்" என்று காட்டினேன்.