கரி தீர்ந்த கப்பல்காரர்

நம்ம மெக்கானிக் அன்னிக்கு மார்தட்டிக்கிட்டு ஒரு சபதம் போட்டாரு.

"இந்த ஆட்டத்துல நான் ஜெயிச்சா, இனி ஆயுசுக்கும் நீதான் பாத்திரம் கழுவணும்!"

வீட்டுக்காரம்மா அசரல. "தோத்தா?"

"ஆயுசுக்கும் நான். ஆனா தோக்கணுமே!"

கம்ப்யூட்டர் விளையாட்டுதான். ஆளுக்கொரு கப்பல் கம்பெனி. கடல் முழுக்கத் தீவு. யாரு சரக்கை அதிகமா கொண்டு சேக்குறாங்களோ அவங்களுக்குத்தான் ஜெயம். முதல்ல கப்பலைத் தேர்ந்தெடுக்கணும். பாய்மரமா, நீராவியா?

எஞ்சின் சத்தம் கேட்டா தூக்கத்துலயே எந்திரிச்சு உக்கார்ற மனுசன். யோசிப்பாரா? "நீராவி!"ன்னு மேஜையைத் தட்டினாரு.

"எனக்கு அந்தத் துணி கட்டுன கப்பலே போதுங்க."

"கொடியில காயுற போர்வை மாதிரி இருக்கு. இதுல ஏறி எங்கடி போவே?"

"காத்து போற பக்கம்."

அவரு கப்பலுங்க குபுகுபுன்னு புகை விட்டுப் பறந்துச்சு. வீட்டுக்காரம்மா கப்பல் ஆடி அசைஞ்சு, யாரும் சீண்டாத ஒரு மூலைத் தீவுக்குப் போச்சு.

"அங்க என்னடி இருக்கு?"

"என்னமோ கருப்பா, கல்லு கல்லா இருக்குங்க."

"கல்லு பொறுக்கவா கப்பல் விட்டே?" சிரிச்சு சிரிச்சு அவருக்குப் புரையேறிடுச்சு.

கொஞ்ச நேரத்துல அவரு கப்பல் ஒண்ணு நின்னுச்சு. அப்புறம் இன்னொண்ணு. அப்புறம் எல்லாமே.

"எஞ்சின் ரிப்பேரா?"

"எஞ்சின் தங்கமாட்டம் இருக்கு. கரி தீந்துபோச்சு."

எந்தத் துறைமுகத்துல பாத்தாலும் கரிக் கிடங்கு மேல அம்மா கொடி! அந்தக் கருப்புக் கல்லைத்தான் பாய்மரத்துல சத்தமில்லாம கொண்டுவந்து ரொப்பி வச்சிருக்கா.

"எனக்குக் காத்து போதும். உங்களுக்குத்தான் கரி வேணும். பாதி சரக்கைக் குடுங்க, அள்ளிக்கோங்க."

வேற வழி? குடுத்தாரு. அவரு கப்பல் ஓட ஓட, பாதிச் சரக்கு அம்மா கணக்குல ஏறி அம்மாவே ஜெயிச்சா.

"அடியே, எப்படிடி கண்டுபிடிச்சே?"

"ஊர் வண்டிக்கெல்லாம் எஞ்சின் பாக்குறீங்க. சொந்த வண்டியில என்னிக்காவது பெட்ரோல் பாத்திருக்கீங்களா? எத்தனை தடவை நான் பின்னாடி இருந்து தள்ளியிருக்கேன்!"

மனுசனுக்குக் கோவமே வரல. 'இந்த மூளைகிட்டத் தோக்குறதும் ஒரு கெத்துதான்'னு உள்ளுக்குள்ள பூரிச்சுப் போனாரு. ஆனாலும் ரோஷம்னு ஒண்ணு இருக்கே! அடுப்படியில பாத்திரம் மலையாக் கிடக்கு, சோப்பு இல்ல.

"இப்பவே வாங்கிட்டு வந்து கழுவுறேன், பாரு!" பைக்கை ஒரே உதை. சீறிப் பாஞ்சது.

தெருமுனை. புட்... புட்... புஸ்.

மெதுவாத் திரும்பிப் பாத்தாரு. வாசல்ல அம்மா, கையில பெட்ரோல் பாட்டிலோட.

"ஏங்க, கரி வேணுமா? துணி துவைக்கிறதையும் சேத்துப் பேசி முடிச்சிருவோம்!"