செல்வி வெளுத்த கதை

ரத்னாவின் மகன் இன்னும் கொஞ்சம் வெளுத்திருந்தான். அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு ரத்னா குழாயடிக்கு வந்ததுமே பக்கத்து வீட்டு எல்லம்மாவுக்கு வயிறு எரிந்தது.

“வெள்ளக்காரன் ஊட்டுப் புள்ள மாரிக் கீறான்டி!” என்று பெண்கள் அவன் கன்னத்தைக் கிள்ளினார்கள்.

எல்லம்மாவின் மகள் செல்வியை யாரும் கிள்ளவில்லை. கிள்ளுவதென்றால் முதலில் அவளைப் பிடிக்க வேண்டும். இரண்டு வயதுதான், ஆனால் புதுவாயல் கூட்டுரோடு வரை கோழியைத் துரத்துவாள். நிறமோ கறுகறுவென்று இருக்கும். எல்லம்மாவுக்கு இது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

அன்றே கடலை மாவும் மஞ்சளும் போட்டுத் தேய்த்தாள். செல்வி போட்ட கூச்சலில் தெருவே கூடியது. தோல் சிவந்து வீங்கியதே தவிர வெளுக்கவில்லை.

சாப்பாடுதான் காரணம் என்று எல்லம்மா அவளாகவே முடிவு கட்டினாள். கேழ்வரகுக் கூழ் நின்றது. முருங்கைக்கீரையும் கருவாடும் நின்றன. அரிசிக்கஞ்சி, ஜவ்வரிசி, சர்க்கரை என்று அடுப்படியே வெள்ளையானது.

“இன்னாம்மே, கூழு எங்க?” என்றான் மில்லிலிருந்து வந்த கணவன் சுப்பராயன்.

“அது கறுப்பு. புள்ளைக்கி ஆவாது.”

“எனக்குமா ஆவாது?”

“ஊட்டுல இருந்தா அது கேட்டு அழுவுது. நீ ஓட்டல்ல துன்னுக்கோ.”

மழைக்காலம் முடிவதற்குள் செல்வி நன்றாக வெளுத்தாள். கோழிகள் பயமில்லாமல் திரிந்தன. அவள் சுவரோரமாகவே உட்கார்ந்து சுண்ணாம்பைச் சுரண்டித் தின்றாள்.

“சொவத்தத் துன்னுது பாரு!” என்று பதறினான் சுப்பராயன்.

“துன்னட்டும். அதுவும் வெள்ளதான?”

குழாயடியில் ரத்னா செல்வியை வெறித்து வெறித்துப் பார்த்தாள். அவள் வயிறு எரியட்டும் என்று எல்லம்மாவுக்கு உச்சி குளிர்ந்தது. கன்னம் கிள்ள வந்தவர்களுக்கு மகளைத் தூக்கிக் காட்டினாள். செல்வியின் தலை தோளில் துவண்டு விழுந்தது.

எல்லம்மா அலறிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு ஓடினாள். ரத்னாவும் தன் மகனைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

நர்ஸ் ஆரோக்கியமேரி செல்வியின் கண் இமையை இழுத்துப் பார்த்தாள். நகத்தைப் பார்த்தாள்.

“ஒடம்புல ரத்தமே இல்லியேம்மா! நல்லாத்தான இருந்துச்சு? இன்னும் கொஞ்ச நாள் உட்டிருந்தா புள்ள ஒனக்கு மிஞ்சாது.”

நர்ஸ் அவசரமாக மருந்து எடுக்கப் போனாள். எல்லம்மா மகளைக் கட்டிக்கொண்டு குமுறி அழுதாள்.

“ரத்னா புள்ள மாரி வெளுப்பா ஆவணும்னுதான் பண்ணேன். எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்!”

ரத்னா தன் மகனைத் தூக்கி அவள் முன்னால் காட்டினாள்.

“அய்யோக்கா, எம்புள்ளையும் ரத்தம் இல்லாமதான் வெளுத்துக் கீறான்! செல்வி மாரிக் கறுத்து, எப்ப ஓடியாடுவான்னு ஒம்பொண்ணப் பாத்து வயிறெரிஞ்சுக்கினு, நானே இங்கதான் மருந்து வாங்கிக்கினு கீறேன்!”