புரொபசருக்கு முளைத்த துடுப்பு

புரொபசர் சார், நீங்கள் ஒரு திருடர். இதைவிட மரியாதையான சொல் இருந்தால் நீங்களே தேடிப் போட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவர் நீங்கள். நான் தாராவியில் தோல் பை தைக்கிறவன்.

சர்ச்கேட்டிலிருந்து விரார் வரை சலித்துப் பார்த்தாலும், அந்தப் பதினெட்டாம் நூற்றாண்டு வெள்ளைக்கார எழுத்தாளனை ஒரு வரி விடாமல் படித்தவர் இந்த ஊரில் ஒரே ஒருத்தர்தான். அது நீங்கள் இல்லை. எங்கள் சந்தில் பழைய பேப்பர் குடோனில் வேலை செய்யும் எஃப் அண்ணாச்சி.

வாசகர்களுக்கு அவரைத் தெரியாது. சொல்கிறேன்.

அண்ணாச்சிக்குத் திருநெல்வேலிப் பக்கம். படிப்பு எட்டாவது. வெள்ளைத் தாள் தனி, நியூஸ் பேப்பர் தனி, அட்டை தனி என்று பிரித்துப் போடுவது வேலை. பல வருஷங்களுக்கு முன் யாரோ ஒரு பணக்காரர் பங்களாவைக் காலி செய்தபோது, பதினோரு தடித்த ஆங்கிலப் புத்தகங்கள் மூட்டையில் வந்தன. அண்ணாச்சி பார்ப்பதற்குள் குடோன் முதலாளி தோல் அட்டைகளைப் பிய்த்துத் தனியாக விற்றுவிட்டார். அட்டையோடு முதல் தாள்களும் போய்விட்டன. எழுதியவன் பெயர் அவற்றில்தான் இருந்தது. அந்தத் தோலை வாங்கின மடையன் யார் என்று கேட்காதீர்கள். நான்தான். காய்ந்துபோன சரக்கு, சாவிக்கொத்துக்குக்கூடத் தேறவில்லை.

மீதியை அண்ணாச்சி கோணியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனார். ஒரு டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தார். அந்தப் புத்தகங்களில் ‘எஸ்’ இருக்கவேண்டிய இடத்திலெல்லாம் ‘எஃப்’ இருந்தது. ஏன் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை. அண்ணாச்சி ஒரே வாரத்தில் அதற்குச் சட்டம் கண்டுபிடித்தார்.

“சொல்லு முடியுத எடத்துல வந்தா எஸ்ஸு. மத்த எடத்துல எல்லாம் எஃப்பு. இதாம்டே ஒரிஜினல் இங்கிலீஷு. இப்பத்த பயலுவோ கெடுத்து வச்சிருக்கான்வோ.”

அன்றிலிருந்து அவருக்கு சார் கிடையாது, ஃபர்தான். ஸ்டேஷன் கிடையாது, ஃப்டேஷன். சயானுக்குப் போக டாக்சியில் ஏறி “ஃபயான்” என்பார். டிரைவர் திரும்பிப் பார்த்து, “அரே சாச்சா, ஃபயான் கிதர் ஹை?” என்பான். “பொறந்ததுல இருந்து பம்பாய்ல இருக்கான், ஃபயான் தெரியல” என்று என்னிடம் வருத்தப்படுவார். சயான் அங்கிருந்து நடக்கிற தூரம்.

சந்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு வார்டு ஆபீசுக்கு இந்த இங்கிலீஷில் நாலு பக்கம் மனு எழுதினார். கடைசியில் ‘மோஃப்ட் ஒபீடியன்ட் ஃபர்வன்ட்’ என்று கையெழுத்து. அது எந்த மொழி, எந்தக் கோர்ட்டிலிருந்து வந்தது என்று தெரியாமல் பயந்துபோய், மூன்றாம் நாள் ஆளனுப்பிக் குழாய் போட்டார்கள். நாங்கள் நல்ல இங்கிலீஷில் ஆறு மனு போட்டுக் கிடைக்காத குழாய்.

பிள்ளைகளுக்கு இலவச இங்கிலீஷ் வகுப்பும் எடுத்தார். ஒரே ஒரு நாள் நடந்தது. ‘குழந்தை பால் உறிஞ்சுகிறது’ என்பதற்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க, தன்னுடைய எழுத்து முறைப்படி பலகையில் எழுதினார். அந்த வாக்கியத்தை இந்தப் பத்திரிகையில் அச்சடிக்க முடியாது. பிள்ளைகள் ஒரே குரலில் வாசித்தன. தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைக்குக்கூட அந்தச் சொல் தெரிந்திருந்தது. எதிர்வீட்டுச் செல்வி அக்கா துடைப்பத்தோடு வந்துவிட்டாள்.

“ஓய் அண்ணாச்சி! பால் குடிக்குத பிள்ளைய வச்சு என்ன பேச்சுவே பேசுதீரு?”

“பொஸ்தகத்துல இருக்குதும்மா.”

“அந்தப் பொஸ்தகத்தத் தூக்கி அடுப்புல வையும்!”

அந்த வெள்ளைக்காரனும் சாதாரண ஆள் இல்லை. உள்ளே வந்த தேதிகளை வைத்து, அவன் பதினெட்டாம் நூற்றாண்டு ஆள் என்று அண்ணாச்சி கணக்குப் போட்டிருந்தார். ஒரு வேலையில் நிலையாக இருக்கமாட்டான். கட்டுரை எழுதினான், நாடகம் எழுதினான், ஊர் சுற்றிவிட்டு எழுதினான், அகராதி போட்டான், பிரசங்கம் எழுதினான். மளிகைச் சீட்டு ஒன்றுதான் அந்தப் பதினோரு புத்தகத்தில் இல்லை. அண்ணாச்சி வருஷத்துக்கு ஒரு புத்தகமாகத் தமிழில் எழுதினார். எந்த வருஷம் எந்தப் புத்தகமோ, அந்த வருஷம் அதுவாகவே மாறிவிடுவார்.

கட்டுரை வருஷத்தில், வாரம் ஒரு கட்டுரை எழுதிப் பொதுக் கக்கூஸ் சுவரில் ஒட்டினார். அவசரமாக வந்தவர்கள்கூடப் படித்து முடிக்காமல் உள்ளே போக மறுத்ததில் இரண்டு முறை அடிதடி. பயண வருஷத்தில் வாஷிப் பாலம் தாண்டி நெருளில் மச்சினி வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு நாற்பது பக்கம் எழுதினார். ‘இந்நாட்டினர் தமிழ் பேசுகின்றனர், ஆயினும் பக்கத்து வீட்டில் தமிழர் இருப்பதை அறியார். விருந்தினருக்குச் சோறு தருவர், ரிமோட்டைத் தரார்.’ மச்சினி இன்றுவரை போன் எடுப்பதில்லை.

நாடக வருஷம்தான் கொடுமை. பொங்கல் விழாவில் சோக நாடகம், அண்ணாச்சியே ராஜா. கத்திக்குத்து வாங்கியபின் செய்யுளில் முக்கால் மணி நேரம் பேசிவிட்டுத்தான் சாகவேண்டும். அரை மணியில் சாப்பாட்டுக்கு இலை போட்டுவிட்டார்கள். கூட்டம் எழுந்து போனது. செத்துக்கொண்டிருந்த ராஜா தலையைத் தூக்கிக் கத்தினார்: “எல்லாரும் போயிட்டியோன்னா நான் யாருக்குடே சாவணும்?”

அகராதி வருஷத்தில் சந்தில் எல்லோருக்கும் பொருள் எழுதினார். எனக்கு எழுதியது: ‘தோல்காரன்: பை கிழிந்தால் வாங்கியவனைத் திட்டுபவன்.’ ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பொய் என்று சொல்லவும் முடியவில்லை.

கடைசியாகப் பிரசங்கம். அவர் மொழிபெயர்க்கும் முறை இதுதான்: எஃப் போட்ட சொல் டிக்ஷனரியில் இருந்தால் அதன் பொருளையே எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால்தான் எஸ் போட்டுத் தேடுவார். பிரசங்கங்களில் பக்கத்துக்குப் பத்துத் தடவை ‘ஃபின்’ என்று வந்தது. டிக்ஷனரியில் அது இருந்தது. மீனின் துடுப்பு. ஆகவே, ‘மனிதர்களே, உங்கள் துடுப்பை எண்ணிக் கண்ணீர் விடுங்கள்! துடுப்பை மறைப்பவன் இருமடங்கு துடுப்புள்ளவன்!’

“மனுசனுக்கு ஏது அண்ணாச்சி துடுப்பு?” என்று கேட்டேன்.

“அதாம்டே தத்துவம். ஒலகம் கடலு. நாமெல்லாம் மீனு. நீந்துததுக்குத் துடுப்பு வேணும்லா?”

“சரி, அதுக்கு ஏன் அழணும்?”

“துடுப்பு வச்சுக்கிட்டு கரையில நடக்க முடியாதுல்லா.”

நான் பை தைக்கப் போய்விட்டேன்.

பதினோரு வருஷம், பதினோரு நோட்டு. எல்லா நோட்டிலும் முதல் பக்கம் காலி. அங்கே அந்த வெள்ளைக்காரன் பெயரை எழுதவேண்டும். போனில் தேடிப் பார்த்தோம். எஃப் போட்டு ஒரு வரியை அடித்தால், போன் மீன் கடைகளைக் காட்டியது. அப்போதுதான் யாரோ மாட்டுங்காவில் ஒரு வாசகர் வட்டத்தின் தலைவரான உங்களைச் சொன்னார்கள். நான் பதினோரு நோட்டுக்கும் தோல் அட்டை தைத்துக் கொடுத்தேன். இருவரும் புத்தகங்களையும் நோட்டுகளையும் சுமந்துகொண்டு உங்கள் வீட்டுக்கு மூன்று மாடி ஏறினோம்.

“வச்சுட்டுப் போங்கோ. பேரைக் கண்டுபிடிச்சுச் சொல்றேன். பதினெட்டாம் நூற்றாண்டு எனக்குத் தண்ணி பட்ட பாடு” என்றீர்கள்.

எட்டு மாதம் கழித்து வந்தது பெயர் இல்லை, அழைப்பிதழ். ‘பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஒருவரின் பல்துறைப் படைப்புகள்’ என்று உங்கள் சொற்பொழிவு. யார் அந்த ஒருவர்? ஒன்றேகால் மணி நேரம் பேசினீர்கள். ‘அப்பெருமகனார்’ என்றீர்கள், ‘நம் ஆசிரியர்’ என்றீர்கள், பெயர் மட்டும் வாயில் வரவே இல்லை. அண்ணாச்சி நோட்டிலிருந்து வரி வரியாக வந்தது. பிறகு கண்ணை மூடிக்கொண்டு சொன்னீர்கள்: “மனிதன் தன் துடுப்பை எண்ணி அழவேண்டும் என்கிறார்! உலக இலக்கியத்தில் வேறெங்கும் காணாத படிமம்!” என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமி மூக்கைச் சிந்தினார்.

அண்ணாச்சிக்குக் கோபமே வரவில்லை. என் தொடையில் தட்டி, “எவ்வளவு அழகா வெளங்கிக்கிட்டாரு பாத்தியாடே!” என்றார். கேள்வி நேரத்தில் எழுந்து நின்றார். “ஃபர், அவரு பேரு என்ன ஃபர்?”

“பேரா முக்கியம்? படைப்புன்னா முக்கியம்!” என்றீர்கள். கைத்தட்டல். பதினோரு வருஷ உழைப்பு என்று சொல்லிச் சால்வை போட்டார்கள். பதினோரு வருஷம் என்பது மட்டும் உண்மை.

மறுநாள் நோட்டுகளைக் கேட்டு நான் தனியாக வந்தேன். கதவைப் பாதி திறந்து, “எந்த நோட்டைச் சொல்றேள்?” என்றீர்கள்.

“தோல் அட்டை போட்டது.”

“தோல் சாமான் எதையும் நான் ஆத்துக்குள்ளயே விடறதில்லையே!”

வீட்டுக்கு வந்து கத்தினேன். கல்லூரியில் படிக்கும் என் மகள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தாள். “அப்பா, அது எஃப் இல்ல. அந்தக் காலத்து அச்சுல எஸ்ஸையே அப்படி நீட்டிப் போடுவாங்க. நடுக்கோடு பாதிதான் இருக்கும். அது ஃபின் இல்ல, ஸின். பாவம்.”

புரிகிறதா புரொபசர் சார்? புத்தகத்தை ஒரு பக்கம் புரட்டியிருந்தால் எம்.ஏ. படித்தவருக்கு அது தெரிந்திருக்கும். நீங்கள் வெள்ளைக்காரனைத் திறக்கவே இல்லை. அண்ணாச்சியை மட்டும்தான் திறந்தீர்கள். அந்தத் துடுப்பு இந்த உலகத்தில் ஒரே ஒரு நோட்டில்தான் இருக்கிறது.

ஆனால் இதை எழுதினால் அண்ணாச்சியின் தப்பும் ஊருக்குத் தெரியும். அவரைக் கேட்காமல் எழுதக்கூடாது. குடோனுக்குப் போனேன். சொல்லி முடித்ததும் கையிலிருந்த தாளைக் கீழே வைத்தார்.

“அப்போ துடுப்பு இல்லையா?”

“இல்ல அண்ணாச்சி. பாவம்.”

“யாருடே? நானா?”

“அய்யோ, அந்தச் சொல்லுக்கு அர்த்தம் பாவம்.”

பேப்பர்க் கட்டின்மேல் உட்கார்ந்து, இருமல் வரும்வரை சிரித்தார். பிறகு கீழே வைத்த தாளை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

“பதினோரு நோட்டையும் திருத்தணும்டே” என்றார். “கண்ணு இன்னும் ரெண்டு வருசம் தாங்கும்னு டாக்டர் சொல்லியிருக்காரு. வெரசா உக்காந்தா முடிச்சிரலாம். நீ எழுது. என் தப்பையும் சேத்தே எழுது. ஆனா அவரத் திட்டாத. நோட்ட மட்டும் வாங்கிக் குடு.”

திட்டாதே என்றதை நான் கேட்கவில்லை. அது என் குணம்.

சார், உங்கள் வீட்டுக் கதவை நான் இனி தட்டமாட்டேன். இதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கும் இடத்தில் பதில் எழுதுங்கள். மன்னிப்பு வேண்டாம், சால்வை வேண்டாம், வெள்ளைக்காரன் பெயர்கூட வேண்டாம். இனி அதை அவரே கண்டுபிடித்துக்கொள்வார். அந்தப் பதினோரு புத்தகங்களும் பதினோரு நோட்டுகளும் எந்தத் தேதியில் வரும்? அண்ணாச்சி சிவப்பு மசிப் பேனா நான்கு வாங்கிச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு, தினமும் வேலை முடிந்து என் கடையில் வந்து உட்கார்ந்திருக்கிறார். “இன்னைக்கு வந்துருமாடே?” என்று கேட்கிறார். பிறத்தியாரிடம் பொய் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அவரிடம் மட்டும் பொய் வரமாட்டேன் என்கிறது. தேதியைச் சொல்லுங்கள்.