பல்லுக்காரர் வாயைக் கட்டிய கதை

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று பல்லுக்காரர் தீர்மானம் பண்ணிவிட்டார். தலையே போனாலும் சரி. கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ தீர்மானம் பண்ணியவர்தான். ஆனால் இது பின்னறையைப் பற்றிய தீர்மானம்.

பின்னறையில்தான் அவர் ஊருக்கெல்லாம் பல் கட்டிக் கொடுக்கிறார். மெழுகு, பிளாஸ்டர், பல் ராவுகிற மோட்டார் எல்லாம் அங்கேதான். மோட்டாரைப் போட்டுவிட்டால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. அந்த வீட்டில் அவருக்கென்று இருந்த ஒரே சுகம் அது. அதில்தான் காலையில் சம்சாரம் மண்ணை அள்ளிப் போட்டாள்.

"ஏங்க, தம்பி இன்னிக்கு வரான். புது வேலை செட் ஆகுற வரைக்கும் நம்மளோடவே இருக்கட்டும். பின்னறை அவனுக்கு நல்லா செட் ஆகும். உங்க பல் செட்டையெல்லாம் மாடிப்படிக்குக் கீழ செட் பண்ணிக்கலாம்."

பல்லுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரே வார்த்தையை எத்தனை வேலைக்குடி அனுப்புவ? பாவம், அது என்ன உன் புருஷனா?"

"ஏன், நீங்க சொல்றதில்லையா?"

"நானா? நான் நினைச்சா ஆயுசு பூரா அந்த வார்த்தையே இல்லாம இருப்பேன்."

"ஆயுசு வேண்டாம். இன்னிக்கு இருட்டுற வரைக்கும் இருப்பீங்களா?"

"பந்தயம்! யார் வாயிலேர்ந்து முதல்ல வருதோ அவங்க தோத்தாங்க. நீ தோத்தா உன் தம்பி வேற வீடு பாத்துக்கணும்."

"நீங்க தோத்தா?"

"ரூம் அவனுக்கு. போதுமா?"

சம்சாரம் தலையை ஆட்டினாள். அவள் இவ்வளவு சுருக்காக எதற்கும் தலையாட்டி அவர் பார்த்ததில்லை. அப்போதே உஷாராகியிருக்கலாம். ஆகவில்லை.

உடனே வலை வீச ஆரம்பித்தார்.

"ஏம்மா, கப்பும் சாசரும் ஒண்ணா வாங்கினோமே, அதுக்கு என்ன பேரு?"

"கப்பு சாசர்."

"ஹால்ல பெரிசா, அசையாம, இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கே, அது என்ன?"

"நீங்கதான்."

சோபாவிலிருந்து எழுந்து பின்னறைக்குப் போய்விட்டார். வலை வீசுவது நமக்குச் சரிப்படாது, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்று மோட்டாரைப் போட்டார். பொழுது சாயும் வரை அப்படியே ஓட்டிவிட்டார். அந்த நேரம் பார்த்து ரிட்டையர்டு வக்கீல் வந்து சேர்ந்தார். வாயில் ஒரு பல் கிடையாது. கேள்வி கேட்கிற பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது.

"என் ஷெட்டு ரெடியாய்யா?"

"ரெடி சார்."

"எது ரெடி?"

"உங்களோடதுதான் சார்."

"என்னோடது எது?"

"அதான்... வாயில வைக்கிறது."

"ஷுருட்டா?"

"இல்ல சார், மேல ஒண்ணு, கீழ ஒண்ணு..."

"வீடா? ஏன்யா, ஷெட்டுன்னு ஷொன்னா உன் வாய் வெந்தா போயிடும்? பிளாஷ்டர் ஷெட் ஆச்சா?"

"இறுகிடுச்சு சார்."

"எனக்கு ஷெட் ஆகுமா?"

"பொருந்தும் சார்."

வக்கீல் கண்ணைச் சுருக்கினார். "நீ பேஷறதே ஷரியில்ல. யார் பல்லை எனக்கு மாட்டப் பாக்கற?"

பல்லுக்காரருக்கு வேர்த்துக் கொட்டியது. வாசற்படியில் சம்சாரம் ஒரு காதை இங்கே வைத்துக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவர் மேற்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வக்கீல் வாயில் பல்லைப் பொருத்திக் கண்ணாடியை நீட்டினார். வக்கீல் வாயைத் திறந்து மூடிப் பார்த்தார்.

"அட! செட்டுன்னா இதுதான்யா செட்டு!" என்றார். இப்போது 'ச' சுத்தமாக வந்தது.

வக்கீல் போனதும் பல்லுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். தெருவிளக்கு எரியத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம்தான். தம்மைப்போல வைராக்கியசாலி உண்டா என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போது சம்சாரம் காதில் போனோடு உள்ளே வந்தாள். முகம் வாடியிருந்தது.

"நான் என்னடா பண்றது... மாமா முடியாதுங்கறார்டா..." என்றவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "ஏங்க, நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான். ஜெயிச்சது மாதிரிதானே நீங்க? ஏன் வேண்டாம்னு நீங்களே உங்க வாயால சொல்லிடுங்க."

அடடா! இதற்குத்தானே அவர் இத்தனை வருஷமாகக் காத்துக்கிடந்தார்! மச்சான் லேசுப்பட்டவனா? இவர் சட்டையைப் போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போனவன். மெழுகு உருக்குகிற கிண்ணத்தில் முட்டை அவித்தவன். அவனிடம் நேருக்கு நேர் சொல்ல வேண்டியதை மோட்டார் சத்தத்தில் தினமும் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்தார். போனை வெடுக்கென்று பிடுங்கினார்.

"இதோ பாரு மச்சான்! மனசுல வச்சுக்காம சொல்றேன். ஜென்மத்துக்கும் உனக்கும் எனக்கும் செட் ஆகாது!"

சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். மறுமுனையில் சத்தமில்லை. "ஹலோ? மச்சான்?" என்றார். அப்போதுதான் தன் வாயிலிருந்து என்ன விழுந்தது என்று அவருக்கே கேட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சம்சாரம் போனை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"இது சார்ஜ் தீந்து காலையிலேயே அணைஞ்சு போச்சு. கொஞ்சம் நகருங்க, தம்பி கட்டிலைத் தூக்கிட்டு எவ்வளவு நேரமா வாசல்ல நிக்கறான்."