கண்ணாடி அறையில் ஒரு சம்மதம்

கதவைத் தட்டாது, சுவரைத் துளைக்காது, கண்ணாடியைக் கடந்து மறுபக்கம் போகும். அது என்ன? வெளிச்சம் என்று அவசரப்படாதீர்கள். இது பதிலும் சொல்லும்.

காது கேளாத ஒன்பது வயதுச் சிட்டுவுக்கு அறுவை சிகிச்சை செய்து, கேட்கும் கருவி பொருத்தலாமா, கூடாதா? செவித்திறன் அலுவலகத்தில் அன்று அவள் சம்மதம் பதிவாக வேண்டும். தையல்காரியான அம்மாவுக்கும் காது கேளாது. "நம்ம வீட்ல என்ன குறைச்சல்?" என்று அவள் கைகள் கேட்டன. "புள்ள நாலு பேரைப் போல இருக்க வேண்டாமா?" என்று அத்தை வாயாலேயே மல்லுக்கு நின்றாள்.

விதி பதினேழின்படி, உறவினர் செல்வாக்கு எட்டாத இடத்தில் குழந்தை முடிவெடுக்க வேண்டும். ஆகவே, சம்மதப் படிவத்தைக் கையில் கொடுத்து, சத்தமே புகாத கண்ணாடி அறைக்குள் சிட்டுவை உட்கார வைத்தார்கள். கருவிப் பிரிவு அதிகாரியும் காது கேளாதோர் பண்பாட்டுப் பிரிவு அதிகாரியும் துணைக்கு. அம்மாவும் அத்தையும் வெளியே.

"பாப்பா, கருவி வேணுமா?" கருவி அதிகாரி கத்தினார்.

"கத்தாதீங்க சார்! அவங்க பண்பாட்டுக்கே அவமரியாதை!" மற்றவர் அதைவிட உரக்கக் கத்தினார்.

"அப்ப நீங்க சைகையில கேளுங்களேன்."

"சைகை மொழியைப் பாதுகாக்கிறதுதான் சார் என் வேலை. பேசறது மொழிபெயர்ப்பாளர் வேலை. அவர் லீவு."

சிட்டு சுவரில் இருந்த விளம்பரத்தைப் படித்தாள். 'பேட்டரி போட்டால் கேட்கும். எடுத்தால் கேட்காது.' இன்னொரு முறை படித்தாள்.

கண்ணாடிக்கு வெளியே அம்மாவின் கை அசைந்தது: "வேண்டாம்னு எழுதிடு கண்ணு."

"கத்தி என் தலைக்குத்தானே? நீ கொஞ்சம் சும்மா இரு," என்றது மகளின் கை.

அம்மா கையைக் கட்டிக்கொண்டாள். அவர்கள் வீட்டில் வாயை மூடுவது என்றால் அதுதான்.

'செல்வாக்கு ஏதும் எட்டவில்லை' என்று குறித்துக்கொண்டு அதிகாரிகள் எழுந்தார்கள். கதவின் கைப்பிடி கையோடு வந்துவிட்டது. இருவரும் கண்ணாடியைக் குத்திக் குத்திக் கூவினார்கள். அத்தை வெளியே காதை ஒட்டவைத்துக்கொண்டு, "என்னங்க? கேக்கலீங்க!" என்று கூவினாள். அது உள்ளே கேட்கவில்லை.

சிட்டு நாலு முறை விரலை அசைத்தாள். அம்மா பையிலிருந்த கத்தரிக்கோல் முனையால் வெளிப்பக்கத் திருகாணியைக் கழற்றினாள். கதவு திறந்தது.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு அதிகாரிகள் அறிக்கை எழுதினார்கள். 'அன்று தகவல் தொடர்பு கொள்ள இயலாதோர்: இருவர். சிறுமி, மற்றும் அவளது தாய்.' இருவரும் ஒருமனதாகக் கையெழுத்திட்டார்கள். அத்தை சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

சிறுமியின் படிவமும் அதோடு இணைக்கப்பட்டது. அதில் அவள் எழுதியிருந்தது: 'கருவி வேண்டும். பேட்டரி என் பையில் இருக்கும்.'