டிராகன் எச்சில்

மண்குரு லூ எங்கள் நிங்மிங் ஊர்ப்பக்கம் வருகிறார் என்றால் போதும், கரும்பு வெட்டு அப்படியே நிற்கும். வீடு கட்டப்போகிறவர்கள் மனையிலிருந்து ஒரு பிடி மண்ணைச் சிவப்புத் துணியில் முடிந்துகொண்டு வரிசையில் நிற்பார்கள். நானும் நின்றவன்தான். குரு மண்ணை விரலால் பிசைவார். கறுப்புக் குடைக்குள் வைத்து நீல விளக்கை அடிப்பார். மண் பளபளக்கும். "டிராகன் எச்சில்!" என்பார். கூட்டம் விழுந்து கும்பிடும், காசு வைத்த சிவப்பு உறை கைமாறும். எச்சிலுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடையாது!

அன்று வந்தது பள்ளிக்கூட மனையின் மண். பழைய கட்டடம் வறட்சியில் வாய் பிளக்கும், மழையில் மூடிக்கொள்ளும். போன வருஷம் ஒரு சுவரே சரிந்தது. நல்லவேளை, அன்று ஞாயிற்றுக்கிழமை.

"மண்ணு ஜொலிக்குது! அஸ்திவாரத்துக்கு முழங்கால் ஆழம் தோண்டினாப் போதும். அதுக்கு மேல போனா டிராகன் முதுகுல குத்தும்," என்றார் குரு.

மண் பொறியாளர் சின் யூலான் தன் பெட்டியோடு வந்திருந்தாள். அதுவும் ஒளிக்கருவிதான். காய்ந்த மண்மேல் ஒளியைப் பாய்ச்சி, மண் எந்த ஒளியை விழுங்குகிறது, எதைத் திருப்பி அனுப்புகிறது என்று பார்த்து, அது என்ன வகை மண் என்று சொல்லும்.

"இது தண்ணி குடிச்சா உப்புற களிமண்ணு. ஆழமாப் போகலேன்னா மறுபடி சுவர் விழும்," என்றாள்.

"உன் பெட்டியில எதுவுமே மின்னலையேம்மா?" என்றாள் நோங் குய்ஃபென். அவள் மகள் படிப்பது அந்தப் பள்ளியில்தான். கூட்டம் சிரித்தது.

யூலானும் சிரித்தாள். "சரிக்கா. குருவே, அந்த விளக்கைக் கொஞ்சம் குடுங்க."

குரு தொடாத மண்ணைக் குடைக்குள் வைத்து விளக்கை அடித்தாள். மண் மண்ணாகவே கிடந்தது. சட்டென்று அவர் கையை உள்ளே இழுத்து அதன்மேல் விளக்கை அடித்தாள். நகங்கள் ஜோராக மின்னின.

"என்னய்யா, டிராகன் உங்க நகத்துலயா துப்புச்சு?"

குய்ஃபென் அந்தக் கையை முகர்ந்து பார்த்தாள். "அடப்பாவி! துணி துவைக்கிற சோப்புத்தூளு!"

"அதுதான்க்கா இந்த விளக்குல மின்னும்."

குரு குடையைக்கூட எடுக்காமல் நடையைக் கட்டினார்.

குய்ஃபென் விடவில்லை. "அப்போ உன் பெட்டியை மட்டும் எப்படி நம்புறது?"

"நம்பாதீங்க. காஞ்ச மண்ணைப் பொடிச்சு டம்ளர்ல பாதி போடுங்க. மண்ணு நிக்கிற மட்டத்துல கோடு கிழிச்சுத் தண்ணி ஊத்துங்க. நாளைக்கு நீங்களே பாருங்க."

மறுநாள் மண் கோட்டைத் தாண்டி ஒரு விரல் ஏறியிருந்தது. அஸ்திவாரம் ஆழமாகவே போனது.

எனக்குத்தான் வெட்கம் தாங்கவில்லை. இத்தனை வருஷம், இத்தனை நூறு பேர் அந்த விளக்கையே வெறித்தோம். "குருவே, கையைக் கழுவிட்டு வாங்க" என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லையே! தலை என்ன, தொப்பி மாட்டவா இருக்கிறது?